கடல்நாய்க்கு வந்த நாய்நோய்

பிரெஞ்சில் நாய்களுக்கு வரும் ஒரு நோய்க்கு 'மலாதி தெ கர்ரே' என்று பெயர். கர்ரே என்ற சொல்லுக்குச் சதுரம் என்று பொருள் உண்டு என்றாலும் இந்த நோய்க்கும் சதுரத்துக்கும் சம்பந்தமில்லை. ஆன்ரி கர்ரே என்ற கால்நடை மருத்துவரின் பெயரை நோய்க்கு வைத்துவிட்டார்கள். நம் பக்கத்து மருத்துவர்கள் ஆங்கிலப் பெயரில் டிஸ்டெம்பர் என்பார்கள். நாய் வளர்த்தவர்களுக்குத் தெரியும். குட்டிக்குக் கண்ணில் பீளை தள்ளும், மூக்கில் சளி வழியும், இருமல், பேதி, கடைசியில் கால்கள் இழுத்துக்கொள்ளும். பாதிக் குட்டிகள் பிழைக்காது.

1905-ல் கர்ரே செய்த சோதனை எளிமையானது. நோய் கண்ட நாயின் மூக்கிலிருந்து வழிந்த நீரை, பாக்டீரியா புக முடியாத வடிகட்டியில் வடித்தார். வடித்ததை நல்ல நாய்க்குச் செலுத்தினார். அதற்கும் நோய் வந்தது. ஆக, நோயை உண்டாக்குவது பாக்டீரியாவைவிடச் சிறிய ஏதோ ஒன்று. வைரஸை யாரும் கண்ணால் பார்த்திராத காலம் அது. மற்ற நிபுணர்கள் ஒரு பாக்டீரியாவை ஏற்கெனவே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்ததால் கர்ரே சொன்னதைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1920-களில் இங்கிலாந்தில் லெய்ட்லா, டன்கின் என்ற இருவர் மறுபடி சோதித்துப் பார்த்து, கர்ரே சொன்னதுதான் சரி என்றார்கள். மேல்முறையீட்டில் இருபது ஆண்டு கழித்து வந்த தீர்ப்பு மாதிரி.

இந்தப் பழைய கதையை எடுக்கக் காரணம், அந்த நாய்நோயின் பெயர் 1988-ல் கடலிலிருந்து கேட்டதுதான்.

டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே கட்டெகாட் என்ற கடல் இருக்கிறது. அதில் ஆன்ஹோல்ட் என்று ஒரு சின்னத் தீவு. 1988 ஏப்ரலில் அந்தத் தீவின் கரையில் சீல்கள் குறைமாதக் குட்டிகளை ஈன்று போட ஆரம்பித்தன. பிரெஞ்சில் ஃபோக் என்று சொல்லும் அந்தப் பிராணிக்குத் தமிழில் கடல்நாய் என்ற பெயர் எப்படியோ நிலைத்துவிட்டது. நம் கரையில் இல்லாத பிராணி. இந்தக் கதை போகிற போக்கைப் பார்த்தால், பெயர் வைத்தவருக்கு முன்கூட்டியே ஏதாவது தெரிந்திருக்குமோ என்று தோன்றும்.

குட்டிகளுக்குப் பிறகு பெரியவை செத்தன. மூச்சு வாங்கிக்கொண்டு, கண்ணிலும் மூக்கிலும் சளி வழிய, நீந்த முடியாமல் கரையேறிக் கிடந்தன. சாவு ஸ்வீடன், நார்வே, ஜெர்மனி, நெதர்லாந்து என்று கரையோரமாகவே நகர்ந்து, கோடை முடிவதற்குள் பிரிட்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. செத்தவை சுமார் 18,000 என்று அப்போது கணக்கிட்டார்கள். சில பகுதிகளில் கூட்டத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது.

வடகடலில் அந்த நாட்களில் தொழிற்சாலைக் கழிவைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கப்பலில் வைத்தே எரிக்கவும் செய்தார்கள். எனவே ஜனங்கள் காரணம் தேடவில்லை. காரணம் கண்ணெதிரே இருந்தது. ஜெர்மனியில் பத்திரிகைகளிலெல்லாம் செத்த கடல்நாய் படங்கள். ஹாம்பர்க் நிர்வாக நீதிமன்றத்தில் ஒரு வழக்கே தாக்கலானது. வாதி: வடகடலின் கடல்நாய்கள். பிரதிவாதி: ஜெர்மன் அரசு. கழிவு கொட்டக் கொடுத்த அனுமதியை ரத்து செய்ய வேண்டும் என்பது கோரிக்கை. பிராணிகள் வழக்கில் ஒரு தரப்பாக நிற்க முடியாது என்று அதே ஆண்டில் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. மனுதாரர் பெயர், முகவரி என்ற பத்தியில் என்ன எழுதியிருப்பார்கள் என்று அறிய எனக்கு ஆசை. ஆயுள் முழுக்க மனுக்களைப் பதிவேட்டில் ஏற்றியவனுக்கு இப்படித்தான் புத்தி போகும்.

நெதர்லாந்தின் வடக்கு ஓரத்தில் பீட்டர்பியூரன் என்ற கிராமம். அங்கே லெனி ஹார்ட் என்ற பெண்மணி நோயுற்ற, தாயைப் பிரிந்த கடல்நாய்க் குட்டிகளுக்கு ஒரு காப்பகம் நடத்திவந்தார். அந்த நாட்டின் பொதுச் சுகாதார நிறுவனத்தில் ஆல்பர்ட் ஓஸ்டர்ஹவுஸ் என்ற வைரஸ் ஆய்வாளர் இருந்தார். கால்நடை மருத்துவம் படித்தவர். செத்த கடல்நாய்களின் உடலிலிருந்து முதலில் கிடைத்தவை ஒரு ஹெர்பிஸ் வைரஸும் இன்னொரு சிறு வைரஸும். கிடைத்ததைக் குற்றவாளி என்று சொல்லிவிட்டிருக்கலாம். பல இடங்களில் அப்படித்தான் நடக்கும். ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. நோயிலிருந்து பிழைத்த பிராணியின் ரத்தத்தில் அந்த வைரஸுக்கு எதிரான பொருள், ஆன்டிபாடி என்கிறோமே அது, புதிதாக ஏறியிருக்க வேண்டும். இந்த இரண்டு வைரஸுக்கும் அப்படி ஏறியிருக்கவில்லை.

ஆன்டிபாடிச் சோதனையைக் கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் கேள்விப்பட்டுவிட்டோம். அப்போது செய்த முறை இது. பிராணியின் ரத்தத்தை உறையவிட்டு மேலே தெளியும் நீரை எடுக்க வேண்டும். அதைத் தெரிந்த ஒரு வைரஸோடு கலந்து, ஆய்வகத்தில் வளரும் உயிரணுக்களின் மேல் விட வேண்டும். வைரஸ் பெருகி உயிரணுக்களைக் கொன்றால், அந்த ரத்தத்துக்கு வைரஸைத் தெரியாது. வைரஸ் அடங்கிப்போனால், அந்த ரத்தம் அதை முன்பே சந்தித்திருக்கிறது. கையெழுத்து ஒப்பிடுவது போல. ஆள் எதிரில் இருக்க வேண்டியதில்லை, விட்டுப்போன கையெழுத்து போதும்.

நோயின் அறிகுறிகள் நாய்களின் டிஸ்டெம்பரை ஒத்திருந்ததால் அந்த வைரஸை வைத்துச் சோதித்தார்கள். கடல்நாய் ரத்தத்தில் அது அடங்கிப்போனது. 1988 செப்டம்பரில் நேச்சர் இதழில் சிறு குறிப்பு வெளிவந்தது. ஊரெல்லாம் ரசாயனம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆய்வகம் 'மலாதி தெ கர்ரே' என்றது.

அதே ஆண்டிலேயே இன்னும் நுணுக்கமாகப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வகங்கள் ஒரு திருத்தம் போட்டன. இது நாயின் வைரஸேதான் அல்ல, அதற்கு மிக நெருங்கிய பங்காளி. கடல்நாய்க்கென்றே உள்ள தனி வைரஸ். வேடிக்கை என்னவென்றால், அதே சமயத்தில் சைபீரியாவின் பைக்கால் ஏரியிலும் கடல்நாய்கள் ஆயிரக்கணக்கில் செத்தன. உலகில் நன்னீரில் மட்டுமே வாழும் கடல்நாய் இனம் அது. இரண்டும் ஒரே நோய் என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். மரபணுவைப் பார்த்தபோது பைக்காலில் இருந்தது அசல் நாய் வைரஸ். கரையோர ஊர்களின் நாய்களிடமிருந்து போயிருக்க வேண்டும். ஆறாயிரம் கிலோமீட்டர் இடைவெளியில், ஒரே ஆண்டில், ஒரே அறிகுறிகளோடு, இரண்டு வேறு நோய்கள். கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வடகடலுக்கு அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை கிடைத்த விதம்தான் என்னை இந்த விஷயத்தில் இழுத்துப் பிடித்தது. கிரீன்லாந்துப் பக்கம் 1988-க்கு முன்பே கடல்நாய்களிடமிருந்து எடுத்த ரத்தநீர், குளிர்பெட்டியில் உறைந்து கிடந்தது. எடுத்தவர்களுக்கு இந்த நோயைப் பற்றி அப்போது எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. கொள்ளை நோய்க்குப் பிறகு அதை எடுத்துச் சோதித்தால், ஆன்டிபாடி இருந்தது. வடதுருவக் கடலின் ஹார்ப் கடல்நாய்கள் இந்த வைரஸோடு பழகி, பெரிதாகச் சாகாமல் வாழ்ந்துவந்திருக்கின்றன. 1987, 88 ஆண்டுகளில் அந்த இனம் வழக்கத்துக்கு மாறாகக் கூட்டம் கூட்டமாகத் தெற்கே, நார்வேக் கரை வரை இறங்கி வந்தது. வைரஸையே பார்த்திராத தெற்கத்திக் கடல்நாய்களுக்கு அதுவே யமனாகிவிட்டது என்பதுதான் இன்றும் சொல்லப்படும் விளக்கம்.

கழிவின் மேல் பழி போட்டவர்கள் சொன்னதும் முழுக்க வீணில்லை. பிற்பாடு டச்சுக்காரர்கள் கடல்நாய்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒன்றுக்கு அசுத்தமான பால்டிக் கடலின் ஹெர்ரிங் மீனும், மற்றதற்கு அட்லாண்டிக்கின் சுத்தமான ஹெர்ரிங்கும் இரண்டு ஆண்டுக்கு மேல் போட்டு வளர்த்தார்கள். பால்டிக் மீன் தின்றவற்றின் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தது. கொன்றது வைரஸ். ஆனால் ரசாயனம் கதவைத் திறந்து வைத்திருக்கக் கூடும். வழக்கு தள்ளுபடியானாலும் வாதியின் பக்கம் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கிறது.

இந்த வைரஸ் குடும்பத்தை நமக்கும் நன்றாகத் தெரியும். மார்பில்லி வைரஸ் என்பது குடும்பப் பெயர். பிள்ளைகளுக்கு வரும் தட்டம்மை, சில ஊர்களில் மணல்வாரி என்பார்களே, அது இந்தக் குடும்பம். மாடுகளைக் கூண்டோடு கொண்டுபோன வெக்கை நோய் இந்தக் குடும்பம். ஆட்டுக்கொல்லி நோயும் இதுதான். வெக்கை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011-ல் அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் ஒழித்த இரண்டாவது நோய் அது. மனிதன், மாடு, ஆடு, நாய் என்று நாலு வீட்டிலும் இருந்த குடும்பத்துக்குக் கடலிலும் கிளை இருப்பது 1988 வரை யாருக்கும் தெரியாது.

கடல்நாயோடு அது நிற்கவில்லை. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் சீமஸ் கென்னடி என்ற கால்நடை நோய்க்கூறு ஆய்வாளர், அயர்லாந்துக் கரையில் ஒதுங்கிய கடற்பன்றிகளை அறுத்துப் பார்த்தார். (பிரெஞ்சில் மார்சுவான் என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கும் பழைய வடமொழிகளில் கடற்பன்றி என்றுதான் பொருள். நம் சமஸ்கிருதத்தைச் சொல்லவில்லை, ஸ்காண்டிநேவிய மொழிகளைச் சொல்கிறேன்.) கடற்பன்றி, ஓங்கில், திமிங்கிலம் எல்லாம் ஒரே வகை. கடல்நாய்க்கு அவை உறவே கிடையாது. ஆனாலும் அந்தக் கடற்பன்றிகளின் நுரையீரலிலும் மூளையிலும் டிஸ்டெம்பர் வைத்த அதே தடயங்கள்.

1990 ஜூலையில் ஸ்பெயினின் வலென்சியா கரையில் ஓங்கில்கள் ஒதுங்கத் தொடங்கின. பிரெஞ்சுக்காரர்கள் 'நீலவெள்ளை ஓங்கில்' என்று அழைக்கும் வரியுள்ள இனம். அங்கிருந்து கத்தலோனியா, பிரான்சின் தென்கரை, இத்தாலி, அடுத்தடுத்த ஆண்டுகளில் கிரீஸ், துருக்கி வரை சாவு போனது. இங்கே தேடல் நீளவில்லை. வடகடல் அனுபவம் கையில் இருந்ததால், பார்சலோனாவில் மரியானோ தொமிங்கோவின் குழு அதே ஆண்டிலேயே இது மார்பில்லி வைரஸ் என்று நேச்சரில் எழுதிவிட்டது. இதுவும் கடல்நாய் வைரஸ் அல்ல, திமிங்கில வகைக்கென்றே தனியானது என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிந்தது. மரபணு வரிசையில் அது நாய் வைரஸைவிட வெக்கைக்கும் ஆட்டுக்கொல்லிக்கும் கிட்டத்தில் நிற்கிறது. பின்னால் 2006, 2007-ல் ஜிப்ரால்டர் பக்கம் பைலட் திமிங்கிலங்களையும் அது கொன்றது.

இனி அமெரிக்கா. கொஞ்சம் பின்னால் போக வேண்டும், ஆன்ஹோல்ட்டுக்கும் ஓராண்டு முன்னால்.

1987 கோடையில் நியூ ஜெர்சி கடற்கரையில் குளிக்கப் போனவர்கள் செத்த ஓங்கில்களைப் பார்த்தார்கள். குளிர்காலத்தில் அவை தெற்கே போகும் இனம். சாவும் கூடவே தெற்கே போய், 1988 வசந்தத்தில் ஃபுளோரிடாவில் முடிந்தது. கரையில் எண்ணியது 740-க்கு மேல். அரசு விசாரணைக்கு ஜோசப் ஜெராசி என்பவரைத் தலைமை தாங்கச் சொன்னது. சாதாரண ஆளில்லை. 1979, 80-ல் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் நானூறுக்கு மேல் கடல்நாய்கள் நிமோனியாவில் செத்தபோது, அது பறவைக் காய்ச்சலுக்குச் சொந்தமான ஒரு ஃப்ளூ வைரஸ் என்று கண்டு சொன்ன குழுவின் தலைவர். கடல் பிராணிகளில் வைரஸ் தேடத் தெரியாதவர் என்று அவரைச் சொல்லவே முடியாது.

1989-ல் அவர் கொடுத்த அறிக்கை வேறு காரணம் சொன்னது. கடல் சில சமயம் சிவப்பாக மாறும். நுண்பாசி பெருகுவதால் வரும் நிறம். ஒருவகைப் பாசியில் நரம்பைத் தாக்கும் விஷம் உண்டு. பாசியைச் சிறுமீன் தின்ன, சிறுமீனை ஓங்கில் தின்ன, விஷம் ஏறியது என்பது முடிவு. சில ஓங்கில்களின் ஈரலில் அந்த விஷம் இருந்ததும் உண்மை. வேறு ஆய்வாளர்கள் ஆட்சேபித்தார்கள், ரசாயனக் கழிவு என்றார்கள். ஆனால் அறிக்கை அறிக்கைதான். கோப்பு முடிந்தது.

முடிந்த கோப்பை அலுவலகத்தில் கயிறு போட்டுக் கட்டி, இத்தனை ஆண்டு வைக்க வேண்டும் என்று மேலே எழுதி, பதிவறைக்கு அனுப்புவோம். பதிவறை எழுத்தரை யாரும் மதிப்பதில்லை. தண்டனை இடமாற்றம் என்பார்கள். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், இடம் போதவில்லை என்று ஒரு கோடை விடுமுறையில் நாற்பது ஆண்டுக் கட்டுகளை எடைக்குப் போட்டார்கள். வண்டி போன பிறகு ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே அடுத்து வருவதை நான் ஒரு தனிச் சந்தோஷத்தோடு எழுதுகிறேன்.

வாஷிங்டனில் அமெரிக்க ராணுவத்தின் நோய்க்கூறு ஆய்வு நிறுவனம் இருந்தது. உள்நாட்டுப் போர் நடந்த 1862-ல் ராணுவ மருத்துவ அருங்காட்சியகமாகத் தொடங்கிய இடம். லிங்கனைக் கொன்ற துப்பாக்கிக் குண்டுகூட அந்தச் சேகரிப்பில் சேர்ந்தது. காலப்போக்கில் அது ஒரு பிரம்மாண்டமான பதிவறையாகிவிட்டது. காகிதத்துக்குப் பதில் சதை. பிணப் பரிசோதனையில் எடுத்த துண்டை ஃபார்மலினில் ஊறவைத்து, பாரஃபின் மெழுகுக்குள் புதைத்து, கட்டியாக்கி, எண் போட்டு அடுக்கிவிடுவார்கள். கட்டைவிரல் நுனியளவு கட்டிகள், லட்சக்கணக்கில். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. 1987, 88 ஓங்கில்களின் துண்டுகளும் இந்த மாதிரி மெழுகுக் கட்டிகளாக மிஞ்சியிருந்தன.

அந்த நிறுவனத்தில் கால்நடை நோய்க்கூறு பிரிவில் தாமஸ் லிப்ஸ்கம் இருந்தார். மத்தியதரைக் கடலில் நடந்ததை அறிந்தபின் பழைய கட்டிகளை வெளியே எடுத்தார். பெல்ஃபாஸ்ட்டின் அதே கென்னடியும் சேர்ந்துகொண்டார். செய்முறை இது. மெழுகுக் கட்டியிலிருந்து முடியைவிட மெல்லிய சீவலைச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, மார்பில்லி வைரஸில் மட்டுமே போய் ஒட்டும் ஆன்டிபாடியை மேலே விடுவார்கள். பிறகு சாயம். வைரஸ் இருந்த இடத்தில் நிறம் ஏறும், இல்லாவிட்டால் கழுவினதும் போய்விடும். 79 ஓங்கில்களைப் பார்த்தார்கள். 42-ல் நிறம் ஏறியது. 1994-ல் அந்தக் கட்டுரை வந்தது. ஐந்தாண்டுக்கு முன் முடிந்த கோப்பு மறுபடி திறந்தது. சிவப்புப் பாசி ஓரத்துக்குப் போய், வைரஸ் முதல் பக்கத்துக்கு வந்தது.

ஜெராசியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர் விசாரித்த நாட்களில் ஓங்கிலுக்கு மார்பில்லி வைரஸ் வரும் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தேடத் தெரியாத ஒன்றைத் தேடியிருக்க வேண்டும் என்று சொல்வது எளிது. அவர் காலத்துத் துண்டுகளை எடுத்து வைத்திருந்தார்களே, அதனால்தான் திருத்தவே முடிந்தது.

சாயம் ஏறாத ஓங்கில்களில் என்ன இருந்தது? பல உடல்கள் மணலில் வெயிலில் நாள்கணக்கில் கிடந்து அழுகியவை. அவற்றுக்கு அதே நிறுவனத்தில் ஜெஃப்ரி டாபன்பர்கரின் மூலக்கூறு ஆய்வகத்தை நாடினார்கள். அங்கே ஏமி கிராஃப்ட் என்ற பெண் ஆய்வாளர் பி.சி.ஆர். முறையை வைத்துப் போராடினார். பி.சி.ஆர். என்பது மரபணுவின் ஒரு சிறு பகுதியைப் பிடித்து நகல் மேல் நகலாக எடுத்துக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருக்கும் முறை. இந்த வைரஸின் மரபணு ஆர்.என்.ஏ.; சீக்கிரம் சிதையும். கரையான் அரித்த பத்திரத்தில் ஒரு முழு வாக்கியம் கிடைக்காது. ஆனால் இங்கே இரண்டு சொல், அங்கே மூன்று சொல் தப்பியிருக்கும். எதிர்பார்க்கும் துண்டின் நீளத்தைக் குறைத்துக் குறைத்து, தப்பிய சொற்களை மட்டும் பிடிக்கும்படி அவர் முறையைத் திருத்தினார். அழுகிய ஓங்கிலிலிருந்தும் வைரஸ் அகப்பட்டது. 1995-ல் வெளியிட்டார்கள்.

இதற்குப் பிறகு டாபன்பர்கருக்கு ஒரு யோசனை. அழுகிய ஓங்கிலில் இது முடியும் என்றால், மெழுகில் பத்திரமாக இருக்கும் மனிதத் துண்டில் ஏன் முடியாது? தம் கட்டடத்தின் அலமாரிகளில் மிகப் பழையதாக, மிக முக்கியமானதாக எது இருக்கும் என்று யோசித்தார். 1918.

அந்த ஆண்டின் ஃப்ளூ, பிரெஞ்சில் 'கிரிப் எஸ்பாஞோல்', உலகத்தில் எத்தனை பேரைக் கொன்றது என்பதில் இன்றும் சண்டை உண்டு. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை விஷ ஜுரம் என்று மட்டும் சொல்வார்கள், மேற்கொண்டு பேச மாட்டார்கள். எந்த வைரஸ் அது என்று யாரிடமும் மாதிரி இல்லை. 1918-ல் ஃப்ளூ வைரஸையே கண்டுபிடித்திருக்கவில்லை. டாபன்பர்கர் குழு, அந்த ஆண்டு செத்த சிப்பாய்களின் கட்டிகளைப் பட்டியலிட்டு வரவழைத்தது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக வெறுமை. கடைசியில், 1918 செப்டம்பர் 26 அன்று தென் கரோலினாவின் ஜாக்சன் முகாமில் இறந்த 21 வயதுச் சிப்பாயின் நுரையீரல் துண்டில் வைரஸ் துணுக்குகள் கிடைத்தன. 1997 மார்ச்சில் சயின்ஸ் இதழில் வெளிவந்தது. அதைப் படித்துவிட்டு, யோஹான் ஹுல்டின் என்ற ஓய்வுபெற்ற மருத்துவர், 72 வயதில், சொந்தக் காசில் அலாஸ்கா போய், 1951-ல் தான் இளைஞனாகத் தோண்டிய அதே பனிமண் கல்லறையை ஊராரின் அனுமதியோடு மறுபடி தோண்டி, ஒரு பெண்ணின் நுரையீரலை எடுத்து டாபன்பர்கருக்குத் தபாலில் அனுப்பினார். மனைவியின் தோட்டக் கத்தரிக்கோலைக் கையோடு கொண்டுபோயிருந்தார். என் வயதுக்காரர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கலாம். 2005-ல் அந்த வைரஸின் முழு மரபணு வரிசையும் முடிந்தது.

நியூ ஜெர்சி மணலில் அழுகிக் கிடந்த ஓங்கில்களுக்கு யாரோ கையுறை போட்டுக்கொண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு, துண்டு வெட்டிச் சீட்டு எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தத் தலைப்பிலும் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் செத்ததை அறுத்துக் கண்டது. உயிரோடு இருக்கும் திமிங்கிலத்திடம் எப்படி மாதிரி எடுப்பது? நாற்பது டன் பிராணியைப் பிடித்து வைத்து ஊசி குத்த முடியாது. மெக்சிகோவைச் சேர்ந்த கரினா அசெவேடோ-வைட்ஹவுஸ் யோசித்தது, அது மேலே வந்து ஊதும் மூச்சை. மூச்சோடு நுரையீரல் சளியும் துளித்துளியாக வரும். ரிமோட்டில் பறக்கும் சின்ன ஹெலிகாப்டரின் அடியில் ஆய்வகத் தட்டுகளைக் கட்டி, கலிபோர்னியா வளைகுடாவில் திமிங்கிலம் ஊதும் நேரம் பார்த்து அதன் தலைக்கு மேல் ஓட்டினார்கள். 2010-ல் இதற்கு இக்நோபல் கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பரிசு அது. சிரித்தவர்கள் சிரித்தார்கள். சில ஆண்டுகளில் ஆஸ்திரேலியர்கள் சிட்னிக்கு வெளியே, மூடி திறந்து மூடும் தட்டைப் பொருத்திய டிரோனை ஹம்பேக் திமிங்கிலங்களின் மேல் பறக்கவிட்டார்கள். ஊதும் நொடியில் மூடி திறக்கும், உடனே மூடிக்கொள்ளும். வேறு காற்று, வேறு தண்ணீர் கலக்காது. அந்தச் சளியில் அதுவரை அறியாத ஆறு வைரஸ்கள் இருந்ததாக 2018-ல் எழுதினார்கள்.

2013 ஜூலையில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஓங்கில்கள் மறுபடி ஒதுங்கின. ஏறக்குறைய அதே கரை, அதே கோடை, அதே தெற்கு நோக்கிய போக்கு. இந்த முறை ஆகஸ்ட் முடிவதற்குள் மார்பில்லி வைரஸ் என்று அரசு அறிவித்துவிட்டது. முன்பு ஏழு ஆண்டு பிடித்த வேலை. 1988-ல் பிழைத்த ஓங்கில்களில் பெரும்பாலானவை அதற்குள் வயதாகிப் போய்விட்டன. பின்னால் பிறந்தவற்றின் ரத்தத்துக்கு அந்த வைரஸைத் தெரியாது. அரசாங்கத்தின் கடல் துறைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தது, எந்தப் பக்கம் போகும் என்றும் தெரிந்திருந்தது. கடலில் திரியும் ஓங்கிலுக்குத் தடுப்பூசி போட வழியில்லை. 2015 மார்ச் வரை அது நீடித்தது. கரையில் எண்ணியது 1,600-க்கு மேல்.

வாஷிங்டன் நிறுவனத்தை, ராணுவத் தளங்களைக் குறைக்கும் திட்டத்தில், 2011-ல் மூடிவிட்டார்கள். மெழுகுக் கட்டிகளை மட்டும் எடைக்குப் போடவில்லை. வேறொரு ராணுவ மருத்துவ மையத்திடம் எண்ணி ஒப்படைத்திருக்கிறார்கள்.